வேகஸுக்கும் டெத் வேலிக்கும் நடுவே

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸுக்கு ஏறக்குறைய 435 கிலோமீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கல். பிறகு டெத் வேலி, ஸயான், கிராண்ட் கேன்யன் ஆகிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. திரும்பும் வழியில் ஃபீனிக்ஸ், ஜோஷுவா ட்ரீ. அமெரிக்காவின் தென்மேற்கில் கோடை விடுமுறைக்குக் காரெடுத்துக் கிளம்பும் தம்பதிகளின் வழித்தடம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் இது பழகிய தடம்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களையும் இதே வழியில் கூட்டிப்போகிறார்கள். இந்தத் திட்டத்தில் நகரத்துக்கு ஒரு வேலை, பூங்காவுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். நகரம் கேளிக்கைக்கு, பாலை அமைதிக்கு. ஒன்று அலுத்தால் மற்றொன்றுக்குத் தப்பித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. நடுவில் கிடக்கும் சாலை சீக்கிரம் ஓட்டி முடிக்க வேண்டிய தூரம், அவ்வளவே. இந்தக் கணக்கு தவறு என்பதே என் வாதம். அந்த நகரங்களையும் பூங்காக்களையும் ஒரே தண்ணீரும் ஒரே மின்சாரமும் ஒரே வெப்பமும் பிணைத்திருக்கின்றன. ஒன்றைப் பார்க்காமல் மற்றொன்று புரியாது. அந்தப் பிணைப்பு தெரிகிற இடங்கள் நாம் நிறுத்தாமல் கடந்துபோகும் நடுவழியில்தான் இருக்கின்றன; அது மிகத் தெளிவாகத் தெரிகிற பருவமும் கோடைதான்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு மீட் ஏரியிலிருந்து வருகிறது. கொலராடோ ஆற்றை மறித்து 221 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய ஹூவர் அணை தேக்கிவைத்த ஏரி அது. அணை திறக்கப்பட்டது 1935-இல், நம் மேட்டூர் அணைக்கு மறு ஆண்டு. ஏரி முழுதாக நிரம்பினால் பத்து மேட்டூருக்கு மேல் கொள்ளும். வேகஸிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அணைமேல் நின்று ஏரிப் பக்கம் பார்த்தால், செம்பழுப்புப் பாறைச் சுவர்களில் ஒரே மட்டமாக ஓடும் வெள்ளைப் பட்டை கண்ணில் படும். நீர் உயர்ந்திருந்த காலத்தில் பாறையில் படிந்த சுண்ணாம்புச் சத்து, நீர் இறங்கியதும் வெளியே தெரிகிறது. 2022 ஜூலையில் ஏரி தன் கொள்ளளவில் கால்பங்கை ஒட்டி இறங்கியபோது அந்தப் பட்டையின் உயரம் ஏறக்குறைய 50 மீட்டர். நீர்ப்பங்கீடு பற்றி எத்தனை அறிக்கை படித்தாலும் வராத தெளிவு அந்தப் பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிடும். 1922-இல் ஏழு மாநிலங்கள் கூடி இந்த ஆற்றைப் பங்கு போட்டன. சென்னை மாகாணமும் மைசூரும் காவிரிக்காக 1924-இல் போட்ட ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு. மழை மிகுந்த சில ஆண்டுகளின் நீர்வரத்தை வைத்துப் பங்கு போட்டதால், ஆற்றில் வருவதைவிடக் காகிதத்தில் கொடுத்தது அதிகம். இன்று ஏறத்தாழ 4 கோடிப் பேர் அதை நம்பியிருக்கிறார்கள். நல்ல நாளிலேயே அது கடல் வரை போய்ச்சேருவது அபூர்வம்.

இதைக் கேட்டதும், பாலையின் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் சூதாட்ட நகரம் என்று வேகஸைத் திட்டத் தோன்றும். அதுவும் பாதி உண்மைதான். நெவாடா மாநிலத்துக்குக் கொலராடோவில் கிடைத்த பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி. நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 13 டி.எம்.சி. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு விவசாயத்துக்கு மட்டும் அதைப்போலப் பத்து மடங்கு போகிறது. வேகஸில் வீட்டுக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் செலவாகும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பாதது வெளியே புல்வெளிக்கு ஊற்றுகிற தண்ணீர். அதனால்தான் யாரும் காலே வைக்காத அலங்காரப் புல்வெளிகளுக்கு 2026-க்குப் பிறகு இந்த ஆற்றுநீரைத் தருவதில்லை என்று 2021-இல் நெவாடா சட்டம் போட்டது. ஓட்டல் அறையில் குளிக்கும் தண்ணீர் அணைக்குத் திரும்புகிறது, சாலையோரப் புல்லுக்குப் போவது காற்றில் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்த நகரத்தின் தெருக்களில் நடப்பதற்கும், விளக்குகளை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டெத் வேலிக்கு மேற்குப் பக்கமாகவும் ஒரு வழி இருக்கிறது. 395-ஆம் எண் நெடுஞ்சாலை. இந்தப் பயணங்களில் என்னைக் கேட்டால் தவறவே விடக்கூடாத பகுதி இதுதான். சியாரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் லோன் பைன் என்ற சிற்றூர். அங்கிருந்து டெத் வேலிக்குத் திரும்பும் சாலை ஓவன்ஸ் ஏரியின் ஓரமாகப் போகிறது. வரைபடத்தில் நீல நிறத்தில் போட்டிருந்தாலும் நேரில் தெரிவது பெரும்பாலும் உப்பும் களியும் கப்பிக்கல் பரப்பும் ஆங்காங்கே தேங்கிய நீரும்தான். 1913 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் தன் கால்வாயைத் திறந்தது. வில்லியம் மல்ஹாலண்ட் என்ற பொறியாளர் தலைமையில் கட்டப்பட்ட 375 கிலோமீட்டர் நீர்வழி. ஒரு பம்ப்கூட இல்லாமல் சரிவிலேயே ஓடிவந்து நகரத்தைச் சேர்ந்தது. ஓவன்ஸ் ஆற்று நீர் அதில் திரும்பியதும் பதினைந்து ஆண்டுக்குள் ஏரி வற்றியது. வற்றிய ஏரியிலிருந்து காற்றில் கிளம்பிய உப்புத்தூசி அமெரிக்காவிலேயே மிக மோசமான தூசிக் கேடாக இருந்தது. அந்தத் தூசியை அடக்க இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அதே நகரம் தண்ணீர் பாய்ச்சுகிறது, கப்பி பரப்புகிறது, உப்பைத் தாங்கும் புல்லை நடுகிறது. இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவு. நீர் விட்ட இடங்களில் கரைப்பறவைகள் திரும்ப வந்திருக்கின்றன.

லோன் பைனுக்குச் சற்று வடக்கே மன்சனார் இருக்கிறது. பழத்தோட்டங்கள் நிறைந்த ஊராக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நீருரிமையை விலைக்கு வாங்கியதும் ஊர் கலைந்தது. வெறிச்சோடிய அந்த நிலத்தில்தான் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் 10,000-க்கும் மேற்பட்டோரைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். இன்று அது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் உள்ள வரலாற்றுத் தலம். நகரம், தண்ணீர், வற்றிய ஊர், முகாம், பூங்கா. இவை ஐந்தும் ஒரே சங்கிலி என்பதை அரை நாளில் காட்டுகிற சாலை உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்?

அரிசோனாப் பக்கம் போனாலும் இதே கதைதான், பாத்திரங்கள்தான் வேறு. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொலராடோ நீரைக் கொண்டுபோகும் கால்வாயின் நீளம் 540 கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சலஸ் கால்வாயைப் போலச் சரிவில் ஓடாது. மொத்தம் 880 மீட்டருக்கு மேல் தண்ணீரை மேலேற்ற வேண்டும். அதற்கான மின்சாரம் பல ஆண்டுகள் பேஜ் என்ற ஊரை அடுத்து, நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருந்த நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்தது. அது 2019-இல் மூடப்பட்டது. பேஜ் என்றால் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டிலோப் கேன்யன். மேலிருந்து ஒளிக்கற்றை விழும் அந்தச் செம்மணற்பாறை இடுக்கின் படம் இல்லாத பயண ஆல்பம் இல்லை. அங்கே தனியாகப் போக முடியாது, நவஹோ வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஃபீனிக்ஸின் குழாய்களில் தண்ணீர் ஏறுவதற்காகத் தங்கள் மண்ணில் நிலக்கரி எரிந்த காலத்திலும், நவஹோ நாட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. அந்த நிலை இன்னும் முழுதாக மாறவில்லை. அவர்களுடைய நீருரிமை வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இதை அறியாமல் பாறையின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வருவது, அந்த வழிகாட்டியின் முகத்தைப் பார்க்காமல் வருவதற்குச் சமம்.

ஒளியும் வெப்பமும்கூட பூங்காவின் எல்லைக்கோட்டில் நிற்பதில்லை. இருண்ட வானத்துக்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா டெத் வேலி. அங்கே நள்ளிரவில் பால்வழியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கிழக்கு அடிவானத்தில் வேகஸின் வெளிச்சம் மங்கலாக எழும்பி நிற்பது தெரியும். வெப்பத்தின் கதை இதைவிடக் கவலை தருவது. சகுவாரோ என்ற தூண் கள்ளி, டூசான் நகரின் இருபுறமும் இரண்டு பகுதிகளாகக் கிடக்கும் சகுவாரோ தேசியப் பூங்காவின் பெருமை. அவசரமே இல்லாத செடி. முதல் கிளை விட ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகலாம், 150 ஆண்டுக்கு மேலும் வாழும். பகலில் நீரை இழக்காமலிருக்கத் தன் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் குளிர்ந்த பிறகே திறந்து மூச்சுவிடுகிறது. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. அதில் 16 நாள் இரவிலும் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டும் தாரும் இரவெல்லாம் அதைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தன. நகரத்துக்குள் நின்ற சகுவாரோக்கள் கிளை உதிர்த்தன, சில அடியோடு சாய்ந்தன. பாலையிலேயே பிறந்து வளர்ந்த கள்ளிக்கு நகரத்தின் இரவு தாங்கவில்லை. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா மாவட்டத்தில் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. ஃபீனிக்ஸ் 2021-இலேயே வெப்பத்தைச் சமாளிக்கத் தனி அலுவலகம் வைத்துக்கொண்ட நகரம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் பாலையாகிவிடும் என்று சிலப்பதிகாரம் சொல்லியிருக்கிறது. பாலையும் இயல்பு திரியக்கூடும் என்பதை ஃபீனிக்ஸ் காட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு வெயில் என்றால் கோடையில் போகவே கூடாது, டிசம்பரில் போக வேண்டியதுதானே என்பது முதல் எதிர்வாதம். அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி இன்றும் உலக வானிலை அமைப்பின் ஏட்டில் உச்சம். 2024 ஜூலையில் 53 டிகிரி வெயிலில் அங்கே மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு குழுவில் ஒருவர் இறந்தார். அந்த வெப்பத்தில் பறக்க முடியாததால் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வரவில்லை. நம்மவர்கள் சிலர், வேலூர் வெயிலையும் திருச்சி வெயிலையும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்பார்கள். அவர்கள் 2015 ஆகஸ்டில் நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சேண்ட்ஸில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெண்மணல் மேடுகளுக்கு நடுவே ஏழு கிலோமீட்டர் சொச்சம் உள்ள நடைபாதை. பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதி, ஒன்பது வயது மகனோடு, சிறிய பாட்டில்களில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். வெயில் சுமார் 38 டிகிரி. நம் ஊரில் செய்திகூட ஆகாத அளவு. கணவனும் மனைவியும் அங்கேயே இறந்தார்கள். தாங்கள் ஒரு மடக்கு குடித்தபோதெல்லாம் பிள்ளைக்கு இரண்டு மடக்கு கொடுத்திருந்ததால் பிள்ளை பிழைத்தான். வறண்ட காற்றில் வியர்வை வந்ததே தெரியாமல் உலர்ந்துவிடும், சட்டை நனையாது, நீரிழப்பு உறைக்காது. நிழலுக்கு மரமோ, மோருக்கு ஒரு கடையோ கிடையாது.

இங்கேதான் இருவராகப் போவதன் பொருள் வருகிறது. வெப்பத்தாக்கு முதலில் கெடுப்பது நிதானத்தை. பாதிக்கப்பட்டவர் குழம்பிப்போய், எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் போகலாம் என்பார். அவருடைய நிலையை அவரே மதிப்பிட முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் மதிப்பிட வேண்டும். ஆகவே இருவரில் யார் "போதும், திரும்பலாம்" என்றாலும் மற்றவர் மறுபேச்சு பேசாமல் திரும்புவது என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். விடுமுறையில் வீராப்பு காட்டுவது பெரும்பாலும் துணையின் முன்னால்தான் என்பதால் இந்த ஒப்பந்தம் அவசியம். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையக் கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உடலில் உப்பு குறைந்து ஆபத்தாகும், கூடவே உப்பு சேர்ந்த தின்பண்டம் வேண்டும். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகரக் கூடாது. டெத் வேலியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, ஜி.பி.எஸ். காட்டும் மண்பாதைகளை நம்பி இறங்கவும் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் கோடையில் போகலாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. டெத் வேலியின் ஆதிக்குடிகளான திம்பிஷா ஷோஷோனி மக்கள் அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். குளிர்காலத்தில் கீழே, கோடையில் மேற்கே பனமிண்ட் மலைமேல் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட வாழ்க்கை. அந்த மலையின் உச்சி 3,366 மீட்டர். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புத்தரை கொதிக்கிற நாளிலும் மேலே பைன் மர நிழலில் நிற்கலாம். ஆக, கோடையில் போகாதே என்பதைவிட, கோடையில் கீழே இறங்காதே, மேலே ஏறு என்பதுதான் அந்த மண்ணை அறிந்தவர்களின் நடைமுறை. கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பு 2,400 மீட்டருக்கு மேலே இருப்பதால் வழக்கமாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் திறந்திருக்கும். அது கோடைக்கென்றே உள்ள இடம். அங்கும் 2025 ஜூலையில் காட்டுத்தீ பரவி, பழம்பெரும் விடுதி எரிந்துபோனது. தீ எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. கோடைக்கு மட்டுமே உரியவை வேறும் உண்டு. ஜூன் கடைசியில் சகுவாரோ பழுக்கிறது. டோஹோனோ ஓதம் மக்கள் சகுவாரோவின் காய்ந்த நரம்புக்கட்டைகளாலேயே செய்த நீண்ட தொரட்டியால் அந்தச் சிவந்த பழங்களைப் பறித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். அந்த அறுவடையோடும் அதையொட்டி மழையை அழைக்கும் சடங்கோடும் அவர்களுக்குப் புத்தாண்டு பிறக்கிறது. ஜூலையில் பருவமழை வருகிறது. அதன் அழகோடு ஆபத்தும் உண்டு. 1997 ஆகஸ்டில் ஆண்டிலோப் கேன்யனில் வெள்ளம் 11 பயணிகளை அடித்துச் சென்றது. மழை பெய்ததோ பல கிலோமீட்டருக்கு அப்பால். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது ஒரு பாதுகாப்பும் இல்லை.

விடுமுறை என்பது ஓய்வுக்கு, அங்கேயும் அணையும் கால்வாயும் நீதிமன்றத் தீர்ப்புமா என்று சலித்துக்கொள்வோர் இருப்பார்கள். உழைத்துக் களைத்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. ஆனால் கணவனும் மனைவியும் ஆறு மணி நேரம் காருக்குள் அருகருகே உட்கார்ந்திருக்கும் பயணத்தில், இருவரும் சேர்ந்து வியக்கவும் வாதிடவும் ஒரு பொருள் கிடைப்பதைவிடப் பெரிய ஓய்வு எது? சங்கப் புலவர்கள் காதலர் உடன்போக்கைப் பாலைத்திணையில் வைத்தபோது அவர்கள் இருவரை மட்டும் பாடிவிட்டு நிறுத்தவில்லை. வற்றிய சுனையையும் கருகிய மரத்தையும் வழிப்போக்கரையும் கூடவே பாடினார்கள். நிலம் கண்ணில் படாத காதல் பயணத்தை அவர்கள் எண்ணிப்பார்த்ததில்லை.

கடைசி எதிர்வாதத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. வெப்பத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பெட்ரோல் எரித்துக்கொண்டு போகலாமா என்று கேட்டால், அந்தப் புகையும் இந்த வெப்பத்தில் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வட்டாரத்தில் ரயிலும் பஸ்ஸும் பூங்காக்களுக்குப் போதிய அளவில் இல்லை. செய்யக்கூடியது தூரத்தைக் குறைப்பது. ஒரு வாரத்தில் ஆறு பூங்கா, நாலு நகரம் என்று பட்டியலை முடிக்க ஓடுவதை விட்டு, ஒரு நகரம், அதற்குத் தண்ணீர் வரும் ஓர் இடம், ஒரு பூங்கா என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸயான் பள்ளத்தாக்குக்குள் 2000-ஆம் ஆண்டிலிருந்து சீசனில் சொந்தக் கார்களை விடுவதில்லை, ஷட்டில் பஸ்தான். ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிற பூங்கா. கார் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்ற பயத்துக்கு அதுவே பதில்.

இந்தக் கோடையில் அந்தப் பக்கம் கிளம்புகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஓட்டல் முன்பதிவுக்கு முன்னால், தங்கப்போகும் நகரத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தையும் வழித்தடத்தில் சேருங்கள். பூங்காவுக்குள் நுழைந்ததும் முதலில் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போய், இன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது கூடாது என்று கேளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் தாழ்நிலத்தில் நடக்காதீர்கள். நவஹோ நிலத்திலும் டோஹோனோ ஓதம் நிலத்திலும் அந்த மக்களிடமே பொருள் வாங்குங்கள், அவர்களிடமே வழி கேளுங்கள். அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் டெத் வேலியின் தாழ்நிலத்தை டிசம்பருக்கு ஒத்திவையுங்கள்.